மச்சானின் காரும் பெயர் தெரியாத ஓசைகளும்

இஷா தொழுகை முடிந்து வீடு திரும்பிய ஓர் ஐப்பசி இரவில், என் அக்கா வீட்டிலிருந்து ஆள் வந்தது. "ஹஜ்ரத், உங்களை உடனே வரச் சொல்றாங்க" என்றான் பையன். யாருக்கேனும் உடல் நலக் குறைவோ என்று பதறி ஓடினேன். அங்கே தெருவில் ஏழெட்டுப் பேர் கூடி நின்றார்கள். நடுவில் என் மச்சானின் கார் நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஆள் இல்லை; சாவி வீட்டுச் சுவரிலுள்ள ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆயினும் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒரு தடவை அந்தக் காருக்குள்ளிருந்து குஞ்சுப் பறவை கத்துவது போல ஒரு மெல்லிய 'பீப்' வந்துகொண்டிருந்தது.

அக்காவின் மாமியார் திண்ணையில் அமர்ந்தபடி, "ஏதாச்சும் ஓதி ஊதிட்டுப் போப்பா" என்றார். ஓதுவதில் எனக்கு என்ன மறுப்பு இருக்கிறது? எனினும் மனிதன் செய்த இயந்திரம் ஓசை எழுப்பினால் அதற்கு மனிதன் வைத்த காரணம் ஒன்று இருந்தே தீரும் என்பது என் எண்ணம். ஜின் மீது பழி போடுவதற்கு முன் கம்பிகளைப் பார்ப்போம் என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்தினேன். சொன்னேனே தவிர, அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஏறத்தாழ ஒரு மாத காலம் பிடித்தது. அந்த ஒரு மாதத்தில் நான் செய்த ஒரு பிழையை எண்ணி இன்றும் வெட்கப்படுகிறேன்.

மச்சான் கடலை மிட்டாய் வியாபாரி. 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற எங்களூர் மிட்டாயைப் பெட்டி பெட்டியாக வாங்கித் திருநெல்வேலி, சாத்தூர் கடைகளுக்குக் கொண்டு சேர்ப்பது அவர் தொழில். அதே 2020இல் தயாரான அந்தக் காரை அவர் பழைய வண்டியாகத்தான் வாங்கினார். வாங்கிய நாள் முதலாகவே அது பலவிதமாகக் கூவிக்கொண்டிருந்ததாம். "விக்கிறப்போ ஒண்ணும் சொல்லல மாப்ள, இது என்னமோ பேசிக்கிட்டே இருக்கு" என்று முறையிட்டார்.

மறுநாள் எனக்குத் தெரிந்த ஒரு வயரிங் பட்டறைக்குச் சென்றேன். இளைஞர்தான், ஆனால் கைதேர்ந்தவர். அவர் சொன்ன ஒரு வாக்கியம் எனக்குப் பெரும் பாடமாயிற்று: "பாய், சத்தம் எங்கருந்து வருதுன்னு தேடாதீங்க. எப்ப வருதுன்னு மொதல்ல எழுதி வைங்க." மாணவர்களுக்கு நான் நாள்தோறும் சொல்வதும் இதுதானே! நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, வண்டி ஓடுகிறதா நிற்கிறதா, இஞ்சின் இயங்குகிறதா இல்லையா, எத்தனை பீப், எவ்வளவு இடைவெளி, முன்பலகையில் எந்த விளக்கு எரிகிறது என்று கட்டம் போட்டு மச்சானிடம் கொடுத்தேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

ஒரே வாரத்தில் உண்மை புலப்பட்டது. நாங்கள் ஓர் ஓசை என்று எண்ணியிருந்தது நான்கு வெவ்வேறு ஓசைகள்!

முதலாவது மிக எளிது. மதுரையிலிருந்து கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் நான்கு வழிச் சாலையில் (முன்பு 7ஆம் எண், இப்போது 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை) செல்லும்போது மட்டும், நிமிடத்திற்கு ஒரு முறை 'பீப் பீப்' என இரட்டை ஒலி. ஊருக்குள் ஒருபோதும் இல்லை. 2019 ஜூலை முதல் தேதிக்குப் பின் நம் நாட்டில் தயாரான கார்களில் வேக எச்சரிக்கை கட்டாயமாக்கப்பட்டது. வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் நிமிடத்திற்கு ஒரு முறை இரட்டைக் கூவல். 120ஐத் தாண்டினால் ஓயாத கூவல். மச்சான் 80க்கு மேல் போவதில்லை என்று சத்தியம் செய்துவந்தார். நோட்டு அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அக்கா அந்தப் பக்கத்தை இரண்டு முறை வாசித்தார்.

இரண்டாவது, பின்னோக்கி எடுக்கும்போது வருவது. கியரைப் பின்னுக்குத் தள்ளியவுடன், பின்னால் வெட்டவெளியாக இருந்தாலும் 'பீ...' என்று இடைவிடாது அலறும். இதுவும் அதே 2019 விதிகளில் அடங்கிய கருவிதான். பின்பக்கத் தடுப்பில் பொத்தான் போன்ற உணரிகள் பதிக்கப்பட்டிருக்கும். அவை நொடிக்குச் சுமார் 40,000 அதிர்வுகள் கொண்ட ஒலியை வெளிவிட்டு, எதிரொலி திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கின்றன. மனிதச் செவிக்கு 20,000க்கு மேல் கேளாது. வௌவால் இருட்டில் வழி கண்டுபிடிப்பதும் இத்தகைய ஒலியால்தான். பொருள் நெருங்க நெருங்கக் கூவலின் இடைவெளி குறைந்து, மிக அருகில் வந்ததும் ஒரே நீண்ட ஓசையாகிவிடும். அப்படியானால் வெறும் வெளியில் ஏன் அலறுகிறது? மச்சான் எட்டயபுரம் பக்கத்துக் கிராமங்களுக்கு மழையில் சென்று வந்திருந்தார். நம் கரிசல் மண்ணின் குணம் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நனைந்தால் பசை, காய்ந்தால் ஓடு. அந்த ஓடு உணரியின் மேல் படிந்து, வண்டியின் முதுகிலேயே ஒரு சுவர் நிற்பதாக அதனை எண்ண வைத்தது. ஈரத்துணியால் துடைத்ததும் அடங்கிவிட்டது. சுரண்டி எடுக்க வேண்டாம், உணரியின் மேற்பரப்பு கெடும் என்று பட்டறைத் தம்பி எச்சரித்தார்.

இனி மூன்றாவது. என் பிழையும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் ஆளே இல்லாதபோதும், வண்டி நகர்ந்தவுடன் விரைவாக 'பீப் பீப் பீப்' என்று கத்தும். சில நாள் கத்தும். சில நாள் கத்தாது. நோட்டைப் புரட்டியபோது, சரக்கு கொண்டுசெல்லும் நாட்களில் மட்டுமே அது நிகழ்வதைக் கண்டேன். பின்னால் இடம் போதாதபோது மச்சான் இரண்டு மூன்று மிட்டாய்ப் பெட்டிகளை முன்னிருக்கையில் வைப்பார். இருக்கையின் மெத்தைக்கு அடியில் எடையை உணரும் ஒரு விரிப்பு இருக்கிறது. அதற்குப் பெட்டி எது, பிள்ளை எது என்று தெரியாது. யாரோ அமர்ந்திருக்கிறார்கள், ஆனால் சீட் பெல்ட்டின் நாக்கு பூட்டினுள் செருகப்படவில்லை என்று மட்டும் தெரியும். ஆகவே கூவியது. பெட்டிகளைக் கீழே இறக்கி வைத்தாலோ, பெட்டிகளுக்கே பெல்ட்டைப் போட்டுவிட்டாலோ முடிந்தது.

மச்சான் இந்த இரண்டையும் செய்யவில்லை. ஒரு கடையிலிருந்து சிறு உலோகத் தகடு ஒன்றை வாங்கி வந்தார். பெல்ட்டின் நாக்கைப் போலவே அமைந்திருக்கும். ஆனால் பெல்ட் இருக்காது. அதைப் பூட்டில் செருகிவிட்டால், பெல்ட் அணியப்பட்டுவிட்டது என்று கார் நம்பிவிடும். "பார்த்தீங்களா மாப்ள, சத்தம் போச்சு!" என்றார். நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு நோட்டில் அந்த ஓசைக்கு நேரே 'தீர்ந்தது' என்று என் கையாலேயே எழுதினேன். ஓசையின் காரணத்தைத் தேடுவதில் முனைந்திருந்த எனக்கு, ஓசையின் நோக்கம் நினைவில் இல்லாமற் போயிற்று.

பத்து நாள் சென்றிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் தம் பன்னிரண்டு வயது மகனை முன்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்குப் புறப்பட்டார். மற்ற நாட்களில் வண்டி கத்தியே அவனைப் பெல்ட் போட வைத்துவிடும். அன்று அது வாய் திறக்கவில்லை, அவனும் போடவில்லை. கயத்தாறுக்கு இப்பால், கிடைக்குப் போகும் செம்மறிகள் சாலையின் குறுக்கே புகுந்தன. மச்சான் பிரேக்கை மிதித்தார். ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டி எதன் மீதும் மோதவும் இல்லை. ஆதலால் காற்றுப்பையும் விரியவில்லை. பையன் மட்டும் முன்னே எறியப்பட்டு, பலகையில் நெற்றி மோதி, புருவத்திற்கு மேலே கிழிந்தது. ஐந்து தையல்கள். கண் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ்.

மருத்துவமனையில் அக்கா என்னைப் பார்த்து, "நீயுந்தானே கூட இருந்த?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

அதன் பின்னரே இத்தகட்டைப் பற்றி விசாரிக்கலானேன். 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணையம் வழி விற்பனை செய்யும் ஐந்து பெரும் நிறுவனங்களுக்கு இதனை விற்கக்கூடாதென்று ஆணை பிறப்பித்ததும், 13,118 விற்பனைப் பட்டியல்கள் நீக்கப்பட்டதும் அப்போதுதான் தெரிந்தது. பெல்ட் அணியாமற் போவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 1,000 ரூபாய் அபராதம் விதித்திருக்கிறது. அபராதம் கிடக்கட்டும், மோதலின்போது காற்றுப்பை கண் இமைப்பதைவிட விரைவாக, பெரும் விசையுடன் விரிகிறது. பெல்ட் உடலைப் பின்னே பிடித்து வைத்திருக்கும் என்ற கணக்கில் அமைந்தது அது. பெல்ட் இன்றி முன்னே சரிந்து வருபவருக்கு அந்தப் பையே காயம் விளைவிக்கக்கூடும்.

இவ்வோசையோடு மனிதன் சண்டையிடுவது புதிதன்று. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில், முன்னிருக்கையில் இருப்போர் பெல்ட் அணிந்தாலன்றி இஞ்சின் கிளம்பாதபடி ஓர் ஏற்பாடு செய்தார்கள். மளிகைப் பையை இருக்கையில் வைத்தவர்களும் வண்டியைக் கிளப்ப முடியாமல் தவித்தார்கள்! மக்களின் சினம் பொங்கி, அதே ஆண்டு அக்டோபரில் அந்நாட்டு நாடாளுமன்றம் அவ்வேற்பாட்டைக் கட்டாயமாக்கக் கூடாதெனச் சட்டம் செய்தது. எச்சரிக்கை ஒலியும் எட்டு வினாடிக்கு மேல் நீளும்படி விதிக்கக்கூடாது என்று வரம்பு கட்டிவிட்டது. நம் நாட்டில் 2022 செப்டம்பர் 4ஆம் தேதி, தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிர மாநிலம் பால்கர் மாவட்டத்தில் கார் விபத்தில் இறந்தார். பின்னிருக்கையில் இருந்த அவர் பெல்ட் அணிந்திருக்கவில்லை. முன்னிருக்கையில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். அதே மாதத்தில் மத்திய அரசு, பின்னிருக்கைகளுக்கும் இந்த எச்சரிக்கை ஒலி வேண்டுமென்று வரைவு விதிகளை வெளியிட்டது. பின்னால் அமர்ந்தால் பெல்ட் எதற்கு என்று நம் வீட்டுப் பெண்கள் பலர் கேட்கிறார்கள். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு கேட்பதுதான் எனக்கு அச்சமாக இருக்கிறது.

சரி, அந்த இரவு ஓசைக்கு வருகிறேன். மற்ற மூன்றும் வண்டி இயங்கும்போது வருபவை. இது மட்டும் சாவியே இல்லாமல், நள்ளிரவிலும் வந்தது. கதவு சரியாகச் சாத்தப்படாமை, விளக்கை அணைக்க மறந்தமை என்று ஒவ்வொன்றாக விலக்கினோம். சாவிக்குள் இருக்கும் பட்டன் மின்கலம் தளர்ந்துவிட்டதோ என்று ஐயுற்று, புதிதாக மாற்றிப் பார்த்தோம். பயனில்லை. கடைசியில் பட்டறைத் தம்பி, வண்டியின் பாட்டரி இணைப்பையே கழற்றிவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். கால் மணி நேரம் நின்றோம். 'பீப்' என்றது!

அக்காவின் மாமியார் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர இயலாது. தம்பியோ சிரித்தார். "அப்ப இது காரோட சத்தமே இல்ல பாய். தனியா பாட்டரி வச்சிருக்கிற ஏதோ ஒண்ணு உள்ள உக்காந்திருக்கு" என்றார். பானெட்டைத் திறந்து, விளக்கடித்து, ஓர் ஓரத்தில் திருகி வைக்கப்பட்டிருந்த கறுப்புக் கிண்ணம் போன்ற பொருளை வெளியே எடுத்தார். முன்பு வண்டியை வைத்திருந்தவர் பொருத்திய திருட்டு எச்சரிக்கைச் சைரன் அது. திருடன் வண்டியின் பாட்டரியைத் துண்டித்தாலும் அலற வேண்டும் என்பதற்காக அதற்குள்ளேயே ஒரு சிறு பாட்டரி இருக்கும். அதற்கு மின்சாரம் தரும் கம்பியை எலி கடித்திருந்தது. உள் பாட்டரியோ பழையது. அலற வலுவின்றி, விட்டு விட்டு முனகிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே கடலைத் தொலி ஒரு கைப்பிடி கிடந்தது. மிட்டாய் வியாபாரி வண்டியில் எலிக்கு வேறென்ன வேண்டும்?

தம்பி சைரனைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கம்பிக்கு டேப் சுற்றினார். எலி மீண்டும் வரும், தொலியைக் கூட்டிச் சுத்தமாக வையுங்கள் என்றார். நூற்றைம்பது ரூபாய்க்கு மேல் வாங்க மறுத்துவிட்டார்.

நோட்டை மச்சான் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது ஓசைக்கு நேரே நான் எழுதியிருந்த 'தீர்ந்தது' என்ற சொல்லை யாரோ பென்சிலால் அடித்திருந்தார்கள். கையெழுத்தைப் பார்த்தால் மருமகனுடையது போலிருக்கிறது. தகட்டை அக்கா அன்றே கழற்றித் தூர எறிந்துவிட்டாராம். முன்னிருக்கையில் பெட்டி வைக்கும் நாட்களில் மச்சான் இப்போது அதற்கும் பெல்ட் போட்டு விடுகிறார். அதைப் பார்த்துச் சாத்தூர்க் கடைக்காரர்கள் சிரிக்கிறார்களாம்.