தாத்தா முடியப்பன், பேரன் ஸ்டீபன்!

தாத்தா பெயர் முடியப்பன். பேரன் பெயர் ஸ்டீபன். விருதுநகர், சிவகாசி உள்பட தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்களில் இரண்டு பெயர்களும் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே பெயர்தான்!

இலைக் கிரீடம்

ஸ்டீபன் என்பது கிரேக்கப் பெயர். 'ஸ்தெபனோஸ்' என்பது மூலச்சொல். கிரீடம் என்று பொருள். பழைய கிரீஸ் நாட்டில் ஒலிம்பியா பந்தயத்தில் ஜெயித்தவனுக்குத் தங்கம் தரவில்லை. ஆலிவ் இலைகளை வளைத்துத் தலையில் சூட்டினார்கள். அதுதான் பெரிய விருது!

கல்லடி பட்டவர்

எருசலேமில் கல்லால் அடித்துக் கொல்லப்பட்டவர் ஸ்தேவான். கிறிஸ்தவ சமயத்தின் முதல் இரத்தசாட்சி அவர். சாகும்போதும், அடித்தவர்களை மன்னிக்கும்படி வேண்டினார் என்கிறது பைபிள். சிவகாசியில் அச்சாகும் காலண்டரில் டிசம்பர் 26-ந் தேதியைப் பாருங்கள். அதுவே அவர் திருநாள்.

தமிழில் வந்த விதம்

கிரேக்க ஒலியை அப்படியே எழுதாமல், பொருளைத் தமிழாக்கினார்கள் முன்னோர். முடி என்றால் கிரீடம். எனவே 'முடியப்பர்' ஆனார். பவுல் என்ற பெயருக்கு லத்தீனில் 'சிறியவர்' என்று பொருள். அவர் 'சின்னப்பர்' ஆனார்.

பெயரில் என்ன தொல்லை?

ஞானஸ்நான ஏட்டில் முடியப்பன், பள்ளிச் சான்றிதழில் ஸ்டீபன் என்று இருந்தால், இருவர் என்று அதிகாரி நினைக்கக்கூடும். பிறகு பெயரை அரசிதழில் வெளியிட அலைய வேண்டும். ஆகையால் எந்தப் பெயரானாலும் எல்லாத் தாளிலும் ஒன்றாகவே எழுதுங்கள்.

முடியப்பன் என்றதும் தலைமுடி என்று சிரிக்கும் பிள்ளைகளுக்கு, அது ஜெயித்தவன் தலையில் சூடிய முடி என்று சொல்லிக்கொடுங்கள். தாத்தாவின் பெயர் பேரனுக்கும் பிடிக்கும்.