மதிப்பெண் போக்கும் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கையும்

மதிப்பெண் போக்கு என்பது உயர்நிலைப் பள்ளி ஆண்டுகளில் ஒரு மாணவரின் மதிப்பெண்கள் ஏறுகின்றனவா, இறங்குகின்றனவா, ஒரே நிலையில் நிற்கின்றனவா என்பதைக் குறிக்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகள் உயர்நிலைப் பள்ளியைச் சேர்ந்தவை. இவ்வகுப்புகளின் மதிப்பெண்கள் 4.0 புள்ளி அளவில் தரப்புள்ளி சராசரியாக (ஜிபிஏ) கணக்கிடப்படுகின்றன. விண்ணப்பங்கள் 12ஆம் வகுப்பின் நடுவிலேயே அனுப்பப்படுவதால், 11ஆம் வகுப்பு வரையிலான மதிப்பெண்களே முதலில் பரிசீலிக்கப்படுகின்றன.

சராசரியும் போக்கும்

ஒரே சராசரி கொண்ட இருவரின் போக்கு வேறுபடலாம். ஒரு மாணவர் 9, 10, 11ஆம் வகுப்புகளில் முறையே 2.6, 3.2, 3.8 பெறுகிறார், மற்றொருவர் 3.8, 3.2, 2.6 பெறுகிறார் எனக் கொள்வோம். இருவரின் சராசரியும் 3.2 தான். ஆனால் முதலாமவர் கல்லூரிப் பாடங்களுக்குத் தயாராகி வருபவராகவும், இரண்டாமவர் பாடம் கடினமாகும்போது பின்தங்குபவராகவும் சேர்க்கை அலுவலருக்குத் தோன்றக்கூடும்.

கலிபோர்னியப் பல்கலைக்கழக முறை

கலிபோர்னியப் பல்கலைக்கழகம் தரப்புள்ளி சராசரியைக் கணக்கிட 10, 11ஆம் வகுப்பு மதிப்பெண்களையே எடுத்துக்கொள்கிறது. 9ஆம் வகுப்பின் கட்டாயப் பாடங்களில் குறைந்தது 'சி' பெற்றிருக்க வேண்டும். எனினும் அவை சராசரியில் சேர்வதில்லை. மேற்கண்ட எடுத்துக்காட்டில், கூடுதல் புள்ளிகள் இல்லாதபோது, முதலாமவரின் சராசரி 3.5 ஆகவும் இரண்டாமவரின் சராசரி 2.9 ஆகவும் மாறும். அம்மாநில மாணவருக்கான குறைந்தபட்சத் தகுதி 3.0 என்பதால் இரண்டாமவர் அதை எட்டமாட்டார். இப்பல்கலைக்கழகம் எஸ்ஏடி, ஏசிடி தேர்வு மதிப்பெண்களைச் சேர்க்கைக்குக் கருதுவதில்லை. ஆகவே பள்ளி மதிப்பெண்களுக்கு இங்கு எடை அதிகம்.

பாடங்களின் கடினம்

போக்கு தனித்து மதிப்பிடப்படுவதில்லை. எளிய பாடங்களுக்கு மாறியதால் உயர்ந்த மதிப்பெண்ணுக்கு மதிப்பு குறைவு. 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' (ஏபி) போன்ற கடினப் பாடங்களை எடுத்ததால் ஏற்படும் சிறு சரிவு பெரிய குறையாகக் கொள்ளப்படாமல் போகலாம். நோய், குடும்ப இழப்பு, பள்ளி மாற்றம் போன்றவை சரிவுக்குக் காரணமாயின், அதனை விண்ணப்பத்தின் கூடுதல் தகவல் பகுதியிலோ பள்ளி ஆலோசகரின் கடிதத்திலோ தெரிவிக்கலாம்.

வரம்புகள்

ஏறுமுகமான போக்கு முந்தைய குறைந்த மதிப்பெண்களை அழித்துவிடாது. போட்டி மிகுந்த கல்லூரிகளுக்கு நான்கு ஆண்டுகளும் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்கள் பலர் விண்ணப்பிப்பதால், பிந்திய முன்னேற்றம் மட்டும் அங்கு போதுமானதாக இருப்பதில்லை.

சேர்க்கைக்குப் பின்

சேர்க்கைக் கடிதம் பொதுவாக நிபந்தனைக்குட்பட்டது. 12ஆம் வகுப்பின் இடைக்கால, இறுதி மதிப்பெண் அறிக்கைகளைப் பல கல்லூரிகள் கேட்டுப் பெறுகின்றன. அவற்றில் பெருஞ்சரிவு காணப்பட்டால் விளக்கம் கேட்கப்படலாம். அளிக்கப்பட்ட இடம் திரும்பப் பெறப்படவும் கூடும்.