தாழ்வாகக் கருதியவரிடமே கற்ற மேமி

மேமி கிளார்க் 1917-இல் பிறந்த அமெரிக்கக் கறுப்பினப் பெண். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கச் சேர்ந்து, உளவியலுக்கு மாறினார். கறுப்பினச் சிறு பிள்ளைகள் தம் இனத்தை எப்படி உணர்கிறார்கள் என்பதே அவரது முதுகலை ஆய்வு.

கொலம்பியாவில் அவருக்கு நெறியாளராக வாய்த்த ஹென்றி காரெட், கறுப்பர்களை அறிவில் தாழ்ந்தவர்களாகக் கருதியவர். அவரிடமே பயின்று 1943-இல் முனைவரானார். படிப்புக்கேற்ற வேலை எளிதில் கிடைக்கவில்லை. 1946-இல் கணவர் கென்னத்துடன் ஹார்லெமில் பிள்ளைகளுக்கான மனநல மையம் தொடங்கினார்.

வர்ஜீனியா பள்ளி வழக்கில் காரெட் இனப் பிரிவினைக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னார். அதை மறுத்துச் சாட்சி சொன்னவர் மேமி. 1954-இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் பிரிவினை செல்லாது என்றது.

நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது இதுதான்: வகுப்பில் நம்மை இழிவாகப் பார்ப்பவர் இருந்தாலும் படிப்பை விட்டுவிட்டு வராதீர்கள். அந்த இழிவு பிஞ்சு மனதில் என்ன செய்யும் என்று, படித்துத் தேர்ந்து சாட்சி சொல்ல நம் பிள்ளைகள் வேண்டும்.