குருதிக்குழாயின் காவலன்

விரலில் முள் தைத்தால் குருதி கசிகிறது. சற்று நேரத்தில் உறைந்து நின்றுவிடுகிறது. இவ்வுறைதல் காயத்தின் வாயிலோடு அமையுமாயின் நன்மையே. உடலெங்குமுள்ள நுண்குழாய்களில் நிகழ்ந்தால் என்னாகும்?

கிருமித் தொற்று முற்றியவிடத்து, அதனை எதிர்க்க எழுந்த உடலின் ஆற்றலே கட்டுமீறித் தன் உறுப்புகளைத் தாக்குவதுண்டு. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். மருத்துவர் இதனைச் செப்சிஸ் என்பர். நுண்குழாய்களிற் குருதி உறைகிறது. குழாய்ச் சுவர்கள் கசிகின்றன. சிறுநீரகமும் நுரையீரலும் தளர்கின்றன.

இதற்கு இயற்கை அமைத்த காவல் ஒன்றுண்டு. குருதியை உறையச் செய்யும் நொதியம் திரொம்பின். குழாயின் உட்புறத்தைப் போர்த்துள்ள கலங்களின் மேல் துரொம்பொமொடியூலின் என்னும் புரதம் இருக்கிறது. அதனோடு இணைந்ததும் திரொம்பின் தன் தொழிலை மாற்றி, ‘புரதம் சி’ என்பதைத் தூண்டிவிடுகிறது. தூண்டப்பெற்ற புரதம் சி உறைதலை அடக்குகிறது.

அதன் பணி அவ்வளவில் முடிவதன்று. அது கலங்களுக்குச் செய்தியும் சொல்லுகிறது என 2002இல் ஆய்வாளர் காட்டினர். கலத்தின் மேலுள்ள ஓர் ஏற்பியைத் திரொம்பின் ஓரிடத்தில் வெட்டுகிறது. புரதம் சி, ஐந்து அமினோவமிலங்கள் தள்ளி வேறோரிடத்தில் வெட்டுகிறது. முன்னதால் சுவர் நெகிழ்கிறது. பின்னதால் சுவர் இறுகுகிறது, அழற்சியும் தணிகிறது. ஒரே நரம்பை இருவர் மீட்ட, இருவேறு இசை பிறப்பது போலாம்.

இப்புரதத்தை மருந்தாகக் கொடுத்தால் என்ன? 1,690 நோயாளரிடம் நடந்த சோதனையில், மருந்து பெறாதோரில் நூற்றுக்கு 30.8 பேரும் பெற்றோரில் 24.7 பேரும் இறந்தனர். 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் உறைதல் குறைந்தமையால் குருதிப்பெருக்கு அச்சுறுத்தியது. அடுத்த பெருஞ்சோதனையில் இறப்பும் குறையவில்லை. 2011இல் மருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது.

எனினும் முயற்சி வீண்போகவில்லை. உறைதலைத் தடுக்கும் வன்மையைக் குறைத்து, செய்தி சொல்லும் வன்மையை மட்டும் நிலைநிறுத்திய புரதங்கள் ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்டன. எலிகளில் அவை உயிர்காத்தன. மனிதரின் செப்சிஸுக்கு அத்தகைய மருந்து இன்னும் வழக்கிற்கு வரவில்லை.

அதுவரை காலமே பெருமருந்து. தொற்றோடு மூச்சிரைப்பும் மனக்குழப்பமும் சிறுநீர்க் குறைவும் காணின், தாமதியாது மருத்துவமனையை நாடுதல் வேண்டும். அங்கே கழியும் ஒவ்வொரு மணியும் உயிரின் விலையாகலாம்.