மூன்று மாதத்துக்குள் எடுக்கும் இரத்தம்

தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதென்று 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. 2017க்குப் பின் தாய்வழி எச்.ஐ.வி. தொற்றிய குழந்தை ஒன்றும் அப்போது பதிவாகியிருக்கவில்லை. நாட்டில் நோயே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. தாய்க்குத் தொற்று இருந்தாலும் பிள்ளையைக் காப்பாற்ற முடிகிறது. பெருமைப்பட வேண்டிய சாதனை இது.

கருவில், பிரசவத்தில், தாய்ப்பாலில் என மூன்று வழிகளில் எச்.ஐ.வி. வைரஸ் பிள்ளையைச் சேரும். மருந்தே இல்லையென்றால் 100 பிள்ளைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்றலாம். தாய் தினமும் மருந்து எடுத்தால் இரத்தத்தில் வைரஸ் பெருகாமல் அடங்கிவிடும். பிறந்த பிள்ளைக்கும் சில வாரம் மருந்து கொடுப்பார்கள். அப்போது அந்த எண்ணிக்கை 5க்கும் கீழே இறங்கும். பிள்ளைக்குத் தொற்றியதா என்று பார்ப்பதுதான் சிக்கல். தாயின் எதிர்ப்புப் புரதங்கள் குழந்தையின் இரத்தத்தில் 18 மாதம்வரைகூடத் தங்கும் என்பதால், சாதாரண டெஸ்ட் தொற்றாத பிள்ளையையும் தொற்றியதாகக் காட்டிவிடும். அதனால் வைரஸையே தேடும் பி.சி.ஆர். பரிசோதனை செய்கிறார்கள்.

இதெல்லாம் நடக்க, தாயின் இரத்தத்தைக் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும். பதுளை மாவட்டத்தின் பெரகல, ஹல்துமுல்லை, ஹப்புத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் அது லேசான காரியமல்ல. கிளினிக் போகும் நாளில் பேர் (அன்றைய சம்பளம்) போய்விடும், இல்லாவிட்டால் அரைப்பேர்தான் விழும். மூன்றாம் மாதத்தில் கொழுந்து பறிக்கிறவளுக்கு அந்தக் காசு பெரிது. கிளினிக் போனாலும், என்ன டெஸ்ட், ஏன் என்று தமிழில் சொல்ல ஆள் இருக்க வேண்டும். லயனில் ஒரு காம்பராவில் (அறையில்) பேசுவது அடுத்த காம்பராவுக்குக் கேட்கும் இடத்தில், இரகசியம் காப்பதும் சிகிச்சையில் ஒரு பகுதியே. கர்ப்பிணிகள் எல்லாருக்கும் இந்த டெஸ்ட் செய்வதால் யார்மீதும் சந்தேகம் விழாது என்பதைக் குடும்பநல மாது முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இலங்கையில் வளர்ந்தவர்களிடையே எச்.ஐ.வி. 0.1 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் நாட்டுச் சராசரி ஒரு சிறு சமூகத்தின் நிலையைக் காட்டாது. தோட்டத்துத் தமிழ்ப் பெண்களும், இதே பதுளை மாவட்டத்தின் தம்பானையில் வாழும் வேடர் சமூகத்துத் தாய்மாரும் அந்தச் சராசரிக்குள் கரைந்துவிடுகிறார்கள். கர்ப்பிணிகளின் இரத்தப் பரிசோதனை முடிவுகளைச் சமூகவாரியாக, பெயரில்லாமல் கணக்கெடுத்தால்தான் அவர்கள் நிலை தெரியவரும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று. மூன்றாம் மாதத்தில் தொற்றில்லாத தாய்க்கு ஏழாம் மாதத்தில் தொற்றலாம். புதிதாகத் தொற்றும்போது இரத்தத்தில் வைரஸ் மிக அதிகம் என்பதால் பிள்ளைக்கும் அப்போது ஆபத்து கூடுதல். எனவே கொழும்பில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பும் கணவரும் இரத்தம் கொடுத்துப் பார்ப்பது அவசியம். பதுளை ஆஸ்பத்திரியின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் இந்தப் பரிசோதனை இலவசம். முடிவை அவருக்கு மட்டுமே சொல்வார்கள்.