கறுப்பர் கல்விக்கூடங்கள் – 9: ஸ்காட் ஹாலின் இரவுகள்

அடிமை முறை ஒழிந்து கால் நூற்றாண்டு ஆன பிறகும், தென் மாநிலங்களின் பெரும்பாலான அரசுக் கல்லூரிகளில் கறுப்பின மாணவர்களுக்கு இடமில்லை. அந்த நிலையில்தான் 1890-ல் இரண்டாம் மோரில் சட்டம் வந்தது என்று சென்ற வாரம் பார்த்தோம். ‘வெள்ளையர் கல்லூரியில் கறுப்பரைச் சேருங்கள், இல்லையென்றால் அவர்களுக்குத் தனிக் கல்லூரி தொடங்குங்கள். இரண்டும் முடியாதென்றால் மத்திய அரசின் பணம் கிடையாது’ என்பது அதன் சாரம். வட கரோலினா மாநிலம் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. 1891 மார்ச் 9 அன்று கறுப்பினத்தவருக்கான வேளாண்மை, இயந்திரத் தொழில் கல்லூரி சட்டப்படி உருவானது. இன்று அதன் பெயர் வட கரோலினா ஏ அண்ட் டி மாநிலப் பல்கலைக்கழகம்.

சட்டம் பிறந்தபோது கல்லூரிக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ராலே நகரில் இருந்த ஷா பல்கலைக்கழகத்தின் வளாகத்தில்தான் வகுப்புகள் தொடங்கின. கிரீன்ஸ்பரோ நகரத்து மக்கள் 14 ஏக்கர் நிலமும் 11,000 டாலரும் கொடுத்தார்கள். மாநிலச் சட்டமன்றம் கொடுத்தது 2,500 டாலர். 1893-ல் கல்லூரி கிரீன்ஸ்பரோவுக்குக் குடிபெயர்ந்தது. இந்த இரண்டு தொகைகளையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பிறகு வந்த நூற்றுமுப்பது ஆண்டுகளின் கணக்கு அதிலேயே தொடங்கிவிட்டது.

இந்த வளாகத்தின் கதையை வகுப்பறைகள் வழியாகச் சொல்லலாம், ஆய்வகங்கள் வழியாகவும் சொல்லலாம். நான் ஸ்காட் ஹால் என்ற ஆண்கள் விடுதியின் வழியாகச் சொல்கிறேன். 1959 இலையுதிர் பருவத்தில் அங்கே முதலாண்டு மாணவர்களாக வந்து சேர்ந்த நால்வர் எஸெல் பிளேர் ஜூனியர், ஜோசப் மெக்நீல், ஃபிராங்க்ளின் மெக்கெய்ன், டேவிட் ரிச்மண்ட். ஒருவரும் இருபது வயதைத் தொட்டிருக்கவில்லை. பிளேரும் மெக்நீலும் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். இரவானால் நால்வரும் கூடிப் பேசுவார்கள். கறுப்பர் ஏன் பேருந்தின் பின்பக்கம் உட்கார வேண்டும், நம் பெற்றோர் தலைமுறை ஏன் பொறுத்துக்கொண்டது, நாம் மட்டும் என்ன செய்துவிட்டோம் என்று விடிய விடிய விவாதம் நடக்கும். காந்தியைப் பற்றித் தொலைக்காட்சியில் பார்த்த ஓர் ஆவணப்படம் தன் மனத்தில் ஆழமாகப் பதிந்ததைப் பிளேர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து நியூயார்க்கிலிருந்து திரும்பிய மெக்நீலுக்குக் கிரீன்ஸ்பரோ பேருந்து நிலையத்தில் சாப்பாடு மறுக்கப்பட்டது. பேச்சு போதும் என்ற முடிவுக்கு நால்வரும் வந்தார்கள்.

1960 பிப்ரவரி 1, திங்கட்கிழமை. வகுப்பு முடிந்து மாலையில் நகரின் மையத்திலிருந்த ஊல்வொர்த் கடைக்குப் போனார்கள். முதலில் பற்பசை போன்ற சில்லறைச் சாமான்கள் வாங்கி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். பிறகு வெள்ளையர் மட்டுமே உட்காரலாம் என்றிருந்த சாப்பாட்டு மேடையின் முன் அமர்ந்து காபி கேட்டார்கள். மறுக்கப்பட்டதும் ரசீது வேலை செய்தது. ‘பற்பசைக்கு எங்கள் காசு செல்லும், காபிக்குச் செல்லாதா?’ என்ற வாதத்துக்குக் கடைக்காரர்களிடம் பதில் இல்லை. கடை மூடும்வரை நால்வரும் அசையவில்லை. கையெழுத்துப் போட்ட மனுவோ, பின்னால் ஓர் அமைப்போ அவர்களுக்கு இல்லை. விடுதியறையில் ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்குதான் இருந்தது.

அன்றிரவு விடுதிக்குத் திரும்பி மற்றவர்களைத் திரட்டினார்கள். மறுநாள் இருபதுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். மூன்றாம் நாள் அறுபதைத் தாண்டியது. நான்காம் நாள் முந்நூறுக்கும் மேல். பக்கத்திலிருந்த பென்னட் கல்லூரியின் கறுப்பின மாணவிகள் இந்தப் போராட்டத்தின் பெரும் பலம். பாடப் புத்தகங்களோடு போய், முறை போட்டு உட்கார்ந்து, அங்கேயே வீட்டுப்பாடம் எழுதினார்கள். மாணவர்களைக் கட்டுப்படுத்தச் சொல்லி நெருக்கடி வந்தபோது, கல்லூரித் தலைவர் வார்மத் கிப்ஸ் இசையவில்லை. சம்பளம் தருவது மாநில அரசு என்று தெரிந்தும் அவர் மாணவர்களின் வழியில் குறுக்கே நிற்கவில்லை. இந்த வளாகத்தின் வரலாற்றில் அந்த நால்வருக்கு அடுத்தபடி நான் வணங்கும் மனிதர் அவர்.

மார்ச் முடிவதற்குள் 13 மாநிலங்களில் 55 நகரங்களுக்கு உள்ளிருப்புப் போராட்டம் பரவியது. ஜூலை 25 அன்று ஊல்வொர்த் பணிந்தது. அதற்குள் கடைக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 2 லட்சம் டாலர். அந்த மேடையில் முதன்முதலாக உணவு பரிமாறப்பட்ட கறுப்பர்கள், அதே கடையில் வேலை செய்துவந்த ஊழியர்கள்.

வரலாறு நால்வரையும் ஒரே மாதிரி நடத்தவில்லை. மெக்நீல் விமானப் படையின் ரிசர்வ் பிரிவில் மேஜர் ஜெனரலாக உயர்ந்தார். ரிச்மண்டோ ‘கலகக்காரன்’ என்று முத்திரை குத்தப்பட்டு, சொந்த ஊரான கிரீன்ஸ்பரோவில் நல்ல வேலை கிடைக்காமல் அலைந்தார். கடைசிக் காலத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் துப்புரவுப் பணி செய்தார். 1990-ல் இறந்தபோது வயது 49. நால்வரும் தோளோடு தோள் சேர்ந்து நடந்துவரும் வெண்கலச் சிலை 2002 முதல் வளாகத்தில் நிற்கிறது. அதைப் பார்க்கிறவர்கள் ரிச்மண்ட் கொடுத்த விலையையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்காட் ஹால் இன்னொரு முறை செய்தியில் அடிபட்டது. 1969 மே மாதம் பக்கத்திலிருந்த டட்லி உயர்நிலைப் பள்ளியின் மாணவர் தேர்தலில், அதிக வாக்குப் பெற்ற மாணவனை நிர்வாகம் ஏற்க மறுத்தது. கிளர்ந்த பள்ளி மாணவர்களுக்கு ஏ அண்ட் டி மாணவர்கள் துணை நின்றார்கள். மே 22 அதிகாலையில் வில்லி கிரைம்ஸ் என்ற இரண்டாமாண்டு மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது யார் என்று இன்றுவரை நிறுவப்படவில்லை. மறுநாள் விடியலில் தேசியக் காவல் படையினர் சுமார் 600 பேர் விடுதியைச் சூழ்ந்தார்கள். பூட்டுகளைத் துப்பாக்கியால் சுட்டுத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்த மாணவர்களைப் பிடித்துச் சென்றார்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நாட்டையே அசைத்த பேச்சு பிறந்த அதே கட்டடம்! அது 2004-ல் இடிக்கப்பட்டது. இன்று வளாகத்தின் நான்கு விடுதிகள் அந்த நால்வரின் பெயரைத் தாங்குகின்றன.

1969-ல் அங்கே படித்துக்கொண்டிருந்தவர்களில் ரொனால்ட் மெக்நேர் என்ற இயற்பியல் மாணவரும் உண்டு. 1971-ல் பட்டம் பெற்று, எம்.ஐ.டி.யில் லேசர் இயற்பியலில் முனைவரானார். விண்வெளிக்குப் போன இரண்டாவது கறுப்பின அமெரிக்கர் அவர். 1986-ல் சேலஞ்சர் விபத்தில் உயிர்நீத்தார். பொறியியல் கட்டடம் ஒன்றுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அதிக எண்ணிக்கையில் கறுப்பினப் பொறியாளர்களை உருவாக்கும் பல்கலைக்கழகம் இதுதான். 14,000-க்கும் அதிகமான மாணவர்களோடு, கறுப்பினப் பல்கலைக்கழகங்களில் மிகப் பெரியதும் இதுவே. வேளாண்மையையும் விட்டுவிடவில்லை. 492 ஏக்கர் பண்ணையில் பயிரும் கால்நடையும் பாடமாகவே தொடர்கின்றன.

அக்டோபரில் ‘ஹோம்கமிங்’ வந்துவிட்டால் ஊரே திருவிழாக் கோலம் பூணும். கால்பந்தாட்டம், ‘புளூ அண்ட் கோல்ட் மார்ச்சிங் மெஷின்’ இசைக்குழுவின் அணிவகுப்பு, காலால் தாளமிட்டு ஆடும் ஸ்டெப் ஷோ, வாகன நிறுத்துமிடமெல்லாம் அடுப்பும் கறியும் என்று ஒரு வாரம் களைகட்டும். நாடெங்கிலுமிருந்து பழைய மாணவர்கள் குழந்தை குட்டிகளோடு வந்து இறங்குவார்கள். ‘ஏகி’ என்பது இங்கே படித்தவர்களின் பட்டப்பெயர். ‘ஏகி பிரைடு!’ என்று ஒருவர் குரல் கொடுத்தால், முன்பின் தெரியாதவர்களும் திருப்பிக் குரல் கொடுப்பார்கள். தாத்தா படித்த கல்லூரி, அம்மா படித்த கல்லூரி என்று பேரப்பிள்ளைகள் தேடி வருவதற்கு இந்த ஒரு வாரம் பெரிய காரணம்.

இத்தனைக்கும் நடுவில் மாநில அரசு என்ன செய்தது? 2016-ல் வரைந்த நாடாளுமன்றத் தொகுதி எல்லை, வளாகத்தின் நடுவே போகும் லாரல் தெரு வழியாகச் சென்றது. தெருவுக்கு இந்தப் பக்கத்து விடுதிக்காரர் 6-ஆம் தொகுதி, அந்தப் பக்கத்தவர் 13-ஆம் தொகுதி. அறை மாறினால் வாக்காளர் பதிவையும் மாற்ற வேண்டியிருந்தது. ஒரே வளாகத்தின் ஓட்டு இரண்டாகப் பிளந்து வலுவிழந்தது. மாணவர்கள் விடாமல் எதிர்த்தார்கள். வழக்குகளின் விளைவாக 2019-ல் எல்லை திருத்தி வரையப்பட்டு, வளாகம் மீண்டும் ஒரே தொகுதிக்குள் வந்தது.

பணக் கணக்கு இன்னும் திருந்தவில்லை. 2023 செப்டம்பரில் அமெரிக்கக் கல்வி அமைச்சரும் வேளாண் அமைச்சரும் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். மாணவர் ஒருவருக்குச் செலவிடும் தொகையை, அதே மாநிலத்தின் மூத்த நிலக்கொடைப் பல்கலைக்கழகத்தோடு (மோரில் சட்டங்களின்கீழ் மத்திய உதவி பெற்றவை நிலக்கொடைப் பல்கலைக்கழகங்கள்) ஒப்பிட்டு, 1987 முதல் 2020 வரை ஏ அண்ட் டி-க்குக் குறைத்துக் கொடுக்கப்பட்டது சுமார் 200 கோடி டாலர் என்று அதில் கணக்குக் காட்டியிருந்தார்கள். அந்தப் பணம் ஆய்வகமாக, பேராசிரியராக, உதவித்தொகையாக வந்து சேர்ந்திருக்க வேண்டியது.

அன்று 11,000 டாலர் கொடுத்தது ஊர்மக்கள், 2,500 கொடுத்தது அரசு. அந்த விகிதத்தோடுதான் இன்றும் இந்தக் கல்விக்கூடம் மல்லுக்கட்டுகிறது. அதன் சாதனைகளைப் புகழ்ந்துவிட்டுப் போவது எளிது. ‘குறைவாகக் கொடுத்தாலும் நிறைவாகச் செய்கிறார்களே’ என்ற பாராட்டு, குறைத்துக் கொடுப்பவர்களுக்கே வசதியாகிவிடும். 200 கோடி டாலரும் சேர வேண்டிய பாக்கி. அதைக் கேட்டு வாங்கும் வேலையும் ஊல்வொர்த்தில் காபி கேட்டவர்கள் தொடங்கிய வேலைதான். ஒன்றில் வென்றோம் என்பதற்காக மற்றொன்றை விட்டுவிட முடியாது.

அடுத்த வாரம் ஃபுளோரிடாவின் டல்லஹாசிக்குப் போவோம். 1946-ல் வில்லியம் ஃபாஸ்டர் என்ற இசையாசிரியர் பொறுப்பேற்றபின், அமெரிக்கக் கல்லூரி அணிவகுப்பு இசையின் முகத்தையே மாற்றிய ‘மார்ச்சிங் 100’ குழுவின் கதை அங்கே இருக்கிறது.

(தொடரும்)