வண்டியை உயர்த்துமுன் கொஞ்சம் குனிந்து பாருங்கள்

இந்த ஆண்டிதழுக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, இயந்திரப் பொறியியல் படித்தவன் என்பதால் நான் ஏதாவது பெரிய தொழில்நுட்பத்தைப் பற்றி எழுதுவேன் என ஆசிரியர் குழு எதிர்பார்த்திருக்கலாம். நான் எழுதப்போவது என் மாமாவின் பழைய ஹைலக்ஸ் பிக்கப்பைப் பற்றி.

மாமாவுக்குத் தெலுக் இந்தான் பக்கம் சிறிய செம்பனைத் தோட்டம் இருக்கிறது. மழைக்காலத்தில் அந்தக் களிமண் பாதையில் வண்டி அடிக்கடி சிக்கிக்கொள்ளும். ஒரு பட்டறையில் சொல்லி, வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்திப் பெரிய டயர் போட்டுவிட்டார். நான் அப்போது மூன்றாமாண்டு மாணவன். விடுமுறைக்குப் போனபோது, "நீதான் யூனிவர்சிட்டியில இதெல்லாம் படிக்கிறியே, எப்படி இருக்குன்னு பார்த்துச் சொல்லுப்பா" என்றார். நான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டயரைக் காலால் தட்டிவிட்டு, "கம்பீரமா இருக்கு மாமா" என்றேன். குனிந்து அடியில் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு வந்தபோது, முச்சந்தியில் மாமா பிரேக்கை மிதித்தும் வண்டி நிற்கவில்லை. சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கக் கால்வாயில் முன்சக்கரங்கள் இறங்கிய பிறகுதான் நின்றது. குறுக்கே யாரும் வராததால் நெற்றிக் கீறலோடு தப்பினார்.

எது உயர்கிறது?

டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். மாமாவின் வண்டியில் முன்பு இருந்தது 265/65ஆர்17. 265 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் டயரின் முழு விட்டம் சுமார் 776 மி.மீ. புதிதாகப் போட்ட 285/70ஆர்17 டயரின் விட்டம் சுமார் 831 மி.மீ. வித்தியாசம் 55 மி.மீ. அதில் பாதி, அதாவது 27 மி.மீ., மட்டுமே அச்சு தரையிலிருந்து உயரும்.

முன் ஸ்பிரிங்கின் மேல் துண்டு வைப்பதும், பின் பட்டை ஸ்பிரிங்கிற்கு நீளமான ஷேக்கல் போடுவதும் அடிச்சட்டத்தையும் உடலையும்தான் தூக்கும். பின் அச்சும் அதன் நடுவிலுள்ள டிஃபரென்ஷியலும் அதே உயரத்தில்தான் இருக்கும். சேற்றில் முதலில் தட்டுவது பெரும்பாலும் அந்த டிஃபரென்ஷியல்தான். அதை உயர்த்துவது டயர் ஒன்றே. வண்டியைத் தூக்குவது, முக்கியமாக, பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் சுழல இடம் விடுவதற்காக. இரண்டு அங்குலம் தூக்கியதற்குக் கிடைத்த பலன் அச்சுக்குக் கீழே வெறும் 27 மி.மீ. என்று மாமாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. அளவுகோலை வைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

உயர்த்தினால் எவையெல்லாம் மாறுகின்றன?

முதலாவது, வேகமானி. டயரின் சுற்றளவு ஏழு விழுக்காடு கூடிவிட்டது. முன்பு மீட்டர் சரியாகக் காட்டியது என்று கொண்டால், இப்போது அது 110 காட்டும்போது உண்மை வேகம் ஏறக்குறைய 118. இழுவையும் அதே அளவுக்குக் குறையும். அதே இடத்தில் நிறுத்தப் பிரேக்கும் அதிக விசை கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, முன்பக்க மூட்டுகள். முன் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் அதிகச் சாய்வில் வேலை செய்வதால் அதன் மூட்டும் ரப்பர் உறையும் சீக்கிரம் தேயும். சக்கரக் கோணங்களும் மாறுவதால், திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பத் தயங்கும். எனவே உயர்த்தியதும் அலைன்மெண்ட் பார்ப்பது கட்டாயம். இரண்டு அங்குலத்துக்கு மேல் போனால் மேல் கையையே மாற்ற வேண்டிவரலாம்.

மூன்றாவது, கவிழும் அபாயம். இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்துப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, அகலம் 1,540 மி.மீ., உயரம் 700 மி.மீ. என்றால் விடை 1.1. உயரம் 770 ஆனால் விடை 1.0. இந்த எண் குறையக் குறைய வளைவில் வண்டி எளிதாகக் கவிழும்.

பிரேக்கில் நடந்தது என்ன?

விபத்துக்குப் பிறகுதான் டார்ச் விளக்கோடு வண்டிக்கு அடியில் படுத்தேன். பழைய பிக்கப் வண்டிகள் பலவற்றில், பின் அச்சுக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையே ஒரு கம்பியால் இணைந்த வால்வு இருக்கும். சுமை ஏறினால் சட்டம் தாழும்; அப்போது வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்பும். வண்டி காலியாக இருந்தால் சட்டம் உயர்ந்து நிற்கும். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காதபடி வால்வு அழுத்தத்தைக் குறைக்கும். புதிய வண்டிகளில் இதை மின்னணுக் கட்டுப்பாடு செய்கிறது.

பட்டறையில் சட்டத்தைத் தூக்கினார்கள். வால்வை அப்படியே விட்டுவிட்டார்கள். சட்டம் உயர்ந்து நின்றதால், பின்னால் குலைகள் குவிந்திருந்தும் வண்டி காலி என்றே வால்வு நினைத்துக்கொண்டது. பின் பிரேக் பாதி வேலைகூடச் செய்யவில்லை. வால்வின் பிடிமானத்தை அதே அளவுக்கு உயர்த்தும் ஒரு சிறு இரும்புத் துண்டு இருந்திருந்தால் போதும். யானை வாங்கக் காசு இருந்தது, அங்குசம் வாங்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. பிரேக் குழாயும் விறைத்து நின்றது. அதையும் நீளமாக மாற்றியிருக்க வேண்டும்.

சட்டமும் காப்புறுதியும்

நம் நாட்டில் 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது. வண்டியின் அமைப்பை மாற்ற, ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி தேவை. காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் மாற்றினால், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரலாம்.

மாமா ஷேக்கலையும் ஸ்பிரிங் துண்டுகளையும் கழற்றிவிட்டார். வால்வும் குழாயும் பழைய நிலைக்கு வந்தன. 265/70ஆர்17 அளவில், சேற்றுக்கு ஏற்ற ஆழமான பள்ளங்கள் கொண்ட டயர் போட்டோம். அச்சு 13 மி.மீ. உயர்ந்தது, வேகமானியின் பிழையும் மூன்றரை விழுக்காட்டுக்குள் நின்றது. அவருடைய பாதைக்கு உயரத்தைவிடப் பிடிப்புதான் தேவைப்பட்டிருக்கிறது.

உயர்த்துவதே தவறு என்று நான் சொல்லவரவில்லை. முறையான பாகங்களோடும் அனுமதியோடும் செய்தால் செய்யலாம். ஆனால் நம் குடும்பங்களில், படித்த பிள்ளை சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புகிற மாமாக்களும் சித்தப்பாக்களும் இருக்கிறார்கள். அவர்கள் "பார்த்துச் சொல்லு" என்று கேட்டால், தயவுசெய்து உண்மையிலேயே பாருங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அன்று நான் சொன்ன "கம்பீரமா இருக்கு" என்ற இரண்டு வார்த்தைகளை நம்பித்தான் மாமா அந்த வண்டியை மூன்று வாரம் ஓட்டினார்.